ஷார்ட்ஸ்டாப் என்பவர் யார்? ஜார்ஜ் ரைட்டை ஏன் இன்றும் பேசுகிறார்கள்?

பேஸ்பாலில் ஓடுபவர் வரிசையாகத் தொட வேண்டிய இடங்கள்தான் பேஸ்கள். அவற்றில் இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர்தான் ஷார்ட்ஸ்டாப். வலக்கை ஆட்டக்காரர் இழுத்து அடிக்கும் பந்து பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் வரும். கிரிக்கெட்டில் மிட்விக்கெட்டில் நிற்பவரைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த இடத்தில் ஆடிப் பேர் வாங்கியவர்தான் ஜார்ஜ் ரைட். 1847-ல் நியூயார்க்கில் பிறந்த இவருடைய அப்பா, சம்பளம் வாங்கிய கிரிக்கெட் வீரர். 1869-ல் அண்ணன் ஹாரி நடத்திய சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸ் அணியில் ஜார்ஜுக்குச் சம்பளம் 1,400 டாலர், அண்ணனைவிட அதிகம்! அந்த ஆண்டு அந்த அணி தோற்கவே இல்லை.

அப்போது கையுறை கிடையாது, வெறும் கைதான். அதைவிட அவருடைய தந்திரம் பிரமாதம். உயரே எழும் பந்து பிடிபட்டால் ஓட்டக்காரர் தன் பேஸில்தான் இருக்க வேண்டும். தரையில் விழுந்தால், பந்தை அடித்தவருக்கு இடம்விட்டு அடுத்த பேஸுக்கு ஓடியே ஆக வேண்டும். ஜார்ஜ் பிடிப்பதுபோல் நின்று, வேண்டுமென்றே நழுவவிடுவார். நம்பி நின்றவர்கள் ஓடத் தொடங்குவதற்குள் பந்து பேஸுக்குப் போய்விடும், இரண்டு பேர் அவுட். இப்படிப்பட்ட வேலைகளைத் தடுக்கவே பிற்பாடு 'இன்ஃபீல்ட் ஃப்ளை' விதி வந்தது: அப்படி எளிதாகப் பிடிக்கக்கூடிய பந்தை நழுவவிட்டாலும் அடித்தவர் அவுட்தான், மற்றவர்கள் ஓட வேண்டியதில்லை.

அப்புறம் பாஸ்டனில் பல பட்டங்கள். 1879-ல் பிராவிடன்ஸ் அணிக்குத் தலைமையேற்று, அண்ணனின் பாஸ்டனையே பின்னுக்குத் தள்ளிப் பட்டம் வென்றார். விளையாட்டுச் சாமான் வியாபாரமும் செய்தார். 1937-ல் காலமானார்.

பேஸ்பாலில் முதலில் காசு வாங்கியவர்கள் சின்சினாட்டிக்காரர்கள் என்று பலர் நினைக்கிறார்கள். மற்ற அணிகள் அதற்கு முன்பே மறைமுகமாகக் கொடுத்துவந்தன, இவர்கள் அதை வெளிப்படையாக அறிவித்தார்கள், அவ்வளவுதான்.