யாழ்ப்பாணத்தில் படித்த பிள்ளைகளுக்கும் ஏன் வேலை இல்லை?

படிப்புக் குறைவு காரணமில்லை. முதலில், வேலை தரும் பெரிய தொழில் இங்கே இல்லை. காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் போரால் மூடியது. போர் முடிந்தபின் வந்தவை பெரும்பாலும் வங்கிக் கிளைகள், லீசிங் கம்பனிகள், சூப்பர் மார்க்கெட்டுகள். அவற்றில் எத்தனை பேரைத்தான் எடுப்பார்கள்?

எனக்குப் பெரிதாகப் படுவது காத்திருப்புத்தான். ஏ.எல். எழுதி, கம்பஸ் அனுமதிக்குக் காத்திருந்து, பட்டம் முடிக்கும்போது வயது 26, 27. கலைப்பட்டதாரி என்றால் அதன்பிறகு அரச நியமனத்துக்கு இன்னொரு காத்திருப்பு. 2017இல் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் வீதியில் இருந்து போராடினார்கள். 2020இல் அரசாங்கம் பட்டதாரிகளைப் பயிலுநர்களாக எடுத்தபோது மாதக் கொடுப்பனவு 20,000 ரூபாதான். அதற்கும் போட்டி. ஏனென்றால் பின்னால் பென்சன் இருக்கிறது, கலியாணத் தரகரும் முதலில் கேட்பது "கவர்மென்ட் வேலையோ?" என்றுதான்.

இன்னொரு பக்கம், நல்ல மேசனையோ வயரிங் செய்பவரையோ பிடிக்க வாரக்கணக்கில் அலைய வேண்டும். என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழோடு அந்தத் தொழிலுக்குப் போகலாம்தான், ஆனால் வீட்டில் விடமாட்டார்கள். கனடாவிலிருந்து மாமா அனுப்பும் காசு இருக்கும்வரை அவசரமும் இல்லை.

அப்புறம் மொழி. தலைமை அலுவலகம் கொழும்பில் என்றால் நேர்முகத்தில் ஆங்கிலமோ சிங்களமோ கேட்பார்கள். பெண்பிள்ளைகளுக்கு இதோடு பஸ் பிரச்சினையும் சேரும்: கடை பூட்டும் நேரத்தில் தீவுப்பக்கம் போக எதுவும் கிடைக்காது.