பரணில் கிடக்கும் செட்டை இறக்கலாமா?

கேள்வி: 1990களில் ஹாம் (பொழுதுபோக்கு வானொலி) உரிமம் எடுத்து, வீட்டு மாடியில் வயர்லெஸ் செட்டோடு உட்கார்ந்து தினமும் பேசிக்கொண்டிருந்தவன் நான். 2003-ல் மஸ்கட் போனதோடு எல்லாம் நின்றுபோனது. இப்போது ஊரோடு வந்துவிட்டேன். செட் பரணில் இருக்கிறது, உரிமம் காலாவதியாகிவிட்டது. புது செட் வாங்குவதா, பழையதே போதுமா? மோர்ஸும் பாதி மறந்துவிட்டது, பேண்டில் (ஹாம்கள் பேசும் அலைவரிசையில்) போய் உளறிவிடுவேனோ என்று கூச்சமாக இருக்கிறது.
- தக்கலை வாசகர்

பதில்: செட் அப்புறம் அண்ணாச்சி, முதலில் காகிதம். மைக்கை அழுத்தினால்தான் குற்றம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம், உரிமம் இல்லாமல் வயர்லெஸ் செட்டை வீட்டில் வைத்திருப்பதே சட்டப்படி தப்பு. உரிமம் கொடுப்பது மத்திய அரசின் வயர்லெஸ் பிரிவான அதே டெல்லி டபிள்யூ.பி.சி.தான், ஆனால் விண்ணப்பம் சரல் சஞ்சார் என்ற இணையதளம் வழியாகப் போகிறது. பழைய தேர்வுச் சான்றிதழையும் உரிமத்தையும் எந்த டிரங்குப் பெட்டியில் வைத்தீர்கள் என்று இன்றைக்கே தேடுங்கள்.

உரிமம் கையில் வந்ததும் செட்டை இறக்குங்கள். பழையதே போதும், புதிதுக்கு இப்போது பணம் போடாதீர்கள். நேரே கரண்டில் சொருகிவிடாதீர்கள், அவ்வளவுதான். இருபது வருஷம் சும்மா கிடந்த பவர் சப்ளையில் எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர்கள் செத்திருக்கலாம். டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய சப்ளை என்றால் 100 வாட் குண்டு பல்பை சீரியஸில் (தொடர் இணைப்பில்) போட்டு ஏற்றிப் பாருங்கள். பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். 13.8 வோல்ட் நிலையாக நிற்கிறதா என்று மீட்டரில் பார்த்த பிறகே செட்டை இணையுங்கள்.

நான் மாட்டிக்கொண்டது கேபிளில். பதினொரு வருஷ இடைவெளிக்குப் பிறகு திரும்பி வந்தபோது செட் நன்றாகவே எழுந்தது, ஆனால் ஒரு குரலும் இல்லை, செட்தான் போய்விட்டது என்று இரண்டு வாரம் அதைத் திறந்து திறந்து மூடினேன். கடைசியில் மொட்டைமாடியில் ஆண்டெனாவிலிருந்து செட்டுக்கு வரும் கோஆக்ஸ் கேபிளின் முனையை ஒரு சாண் நறுக்கினால், உள்ளே செம்புப் பின்னல் முழுக்கப் பச்சைப் பொடி, விரலால் தேய்த்தால் உதிர்கிறது. நம் ஊர்க் கடற்காற்று சும்மா விடுமா? கேபிளையும் கனெக்டரையும் யோசிக்காமல் புதிதாகப் போடுங்கள், மூட்டில் சுயமாக ஒட்டும் ரப்பர் டேப் சுற்றுங்கள்.

ஆண்டெனாவுக்கு 7 மெகாஹெர்ட்ஸ் டைபோல் போதும், நடுவில் கேபிள் சேர இரண்டு பக்கமும் நீளும் கம்பிதான் அது. 143-ஐ 7.1-ஆல் வகுத்தால் சுமார் 20 மீட்டர், பக்கத்துக்குப் பத்து. இரண்டு தென்னை இருந்தால் கம்பமே வேண்டாம். தங்கூஸ் நரம்பின் நுனியில் ஈயக்குண்டு கட்டி மட்டைக்கு மேலே எறியுங்கள், அதன் வழியாகக் கயிற்றை இழுத்துக்கொள்ளலாம். கயிற்றை மரத்தில் இறுக்கிக் கட்டினீர்களோ, ஆடிக் காற்றில் மரம் ஆடும் ஆட்டத்தில் கம்பி அறுந்துவிடும். ஒரு கப்பி வழியாக விட்டு மறுமுனையில் செங்கல்லைக் கட்டித் தொங்கவிடுங்கள், மரம் ஆட ஆடக் கல் ஏறி இறங்கிக்கொள்ளும். இடி வெட்டினால் கேபிளைக் கழற்றி வெளியே போடும் பழக்கம் மறந்திருக்காது என்று நினைக்கிறேன்.

உங்களுக்குப் புதிதாக இருக்கப்போவது இரைச்சல். 2003-ல் உங்கள் தெருவில் எத்தனை எல்.இ.டி. பல்பு இருந்தது? இப்போது பல்பு, சார்ஜர், இன்வெர்ட்டர் எல்லாம் சேர்ந்து பேண்டை மூடிவிடும். செட்டை 12 வோல்ட் பேட்டரியில் ஓடவிட்டு வீட்டு மெயினை அணையுங்கள். இரைச்சல் விழுந்தால் திருடன் வீட்டுக்குள்தான், ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பிடித்துவிடலாம். எங்கள் வீட்டில் அது பூஜை அறையில் எரிந்த சீரியல் செட்! செட்டில் சிக்னல் பலம் காட்டும் எஸ்-மீட்டர் 9-லிருந்து 4-க்கு இறங்கியது. ஒரு எஸ் என்பது 6 டெசிபெல் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் அதற்கு நடந்த பஞ்சாயத்து தனிக்கதை.

கூச்சமா? ஒரு வாரம் காலையில் காதை மட்டும் கொடுங்கள். பேச்சு முறை அப்படியேதான் இருக்கிறது, விடைபெறும்போது சொல்லும் வாழ்த்தான 73 இன்னும் 73-தான். மோர்ஸில் விரல் மறக்காது, காதுதான் சோம்பிக் கிடக்கும். எழுத்தை வேகமாகவும் இடைவெளியை நீளமாகவும் விட்டுக் கேளுங்கள், புள்ளி கோடு எண்ண ஆரம்பித்தால் தேறாது. நீங்கள் போன பிறகு வந்தது எஃப்.டி.8, 2017-ல். கம்ப்யூட்டர்கள் 15 விநாடி மாற்றி மாற்றிப் பேசிக்கொள்ளும், காதில் விழாத சிக்னலைக்கூடப் பிடிக்கும். அதில் குரல் கிடையாது, அதனால் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை.

கேள்வி: வள்ளத்தில் இருக்கும் வி.எச்.எஃப். செட்டில் ஹாம்காரர்களோடு பேசலாமா? ஆபத்தில் அவர்கள்தான் உதவுவார்கள் என்கிறார்களே?
- குளச்சல் வாசகர்

பதில்: கூடாது தம்பி. கடல் செட் 156 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே, ஹாம்களின் வி.எச்.எஃப். 144 முதல் 146 வரை. ஆபத்தில் உங்களுக்கு சேனல் 16, அதாவது 156.8, அதில்தான் கப்பல்களும் கடலோரக் காவல் படையும் காது கொடுத்திருக்கும். ஹாம்கள் உதவுவது கரையில், ஃபோன் செத்த பிறகு. 2004 சுனாமியன்று அந்தமான் போர்ட் பிளேரில், உலகத்தோடு பேசிப் பார்க்கலாம் என்று செட்டோடு போயிருந்த பாரதி பிரசாத் குழுவினர்தான், அங்கிருந்த ஆட்களின் சேதியை வெளியே அவர்கள் வீடுகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.