மூளை ஸ்பெக்ட்ரின் பிரிப்பும் ஆன்டிபாடி தயாரிப்பும்: கேள்வி பதில்

கேள்வி: ஸ்பெக்ட்ரின் (செல் சவ்வுக்கு அடியில் சட்டகமாக இருக்கும் புரதம்) ஜெல்லில் 240, 235 கிலோடால்டனில் இரட்டைப் பட்டையாக வர வேண்டும். எனக்கு 150 பக்கத்தில்தான் தடித்த பட்டை. ஏன்?

பதில்: ஸ்பெக்ட்ரினின் ஆல்ஃபா துணையலகைக் கால்பெய்ன் (கால்சியத்தால் இயங்கும், புரதம் வெட்டும் நொதி) வெட்டிவிட்டது. மூளையை வெளியே எடுத்ததுமே செல்லுக்குள் கால்சியம் ஏறி, வெட்டு தொடங்கிவிடும். அதனால் திசு நேராகப் பனிக்குளிர் கரைசலுக்குள் போகட்டும்: 0.32 மோலார் சுக்ரோஸ், 10 மில்லிமோலார் ஹெப்பிஸ் (பிஎச் 7.4), 2 மில்லிமோலார் இஜிடிஏ (கால்சியத்தைப் பிடித்துவைக்கும்), லூபெப்டின் (கால்பெய்னைத் தடுக்கும்). உறைய வைத்த திசுவைத் தனியாக உருகவிடாதீர்கள், இந்தக் கரைசலிலேயே போட்டு அரையுங்கள். பிஎம்எஸ்எஃப் மட்டும் சேர்த்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் நிறையப் பேர். அது செரீன் வகைப் புரோட்டியேஸுக்கான (புரதம் வெட்டும் நொதி) மருந்து. கால்பெய்ன் சிஸ்டீன் வகை, அசையாது. போதாததற்கு, பிஎம்எஸ்எஃப் தண்ணீரில் சீக்கிரமே சிதைந்துவிடும். அரைப்பதற்குச் சற்று முன் சேர்த்தால்தான் பலன்.

கேள்வி: டிரைட்டன் (சோப்பு போன்ற கரைப்பான்) போட்டும் புரதம் கரையவில்லையே?

பதில்: டிரைட்டன் சவ்வின் கொழுப்பைத்தான் கரைக்கும். அடியிலுள்ள சட்டகம் வண்டலிலேயே தங்கிவிடும். சவ்வை உப்புப் போகக் கழுவி, 0.1 மில்லிமோலார் இடிடிஏ (பிஎச் 8) கரைசலில் 37 டிகிரியில் 30 நிமிடம் வைத்து, 100,000 ஜி-யில் ஒரு மணி நேரம் சுழற்றுங்கள். ஸ்பெக்ட்ரின் மேல்நீரில் இருக்கும், கூடவே ஆக்டினும் வரும். 43 கிலோடால்டன் பட்டை அதுதான். 50 சதவீத அம்மோனியம் சல்ஃபேட்டில் வீழ்த்தி, 0.6 மோலார் பொட்டாசியம் அயோடைடில் கரைத்தால் ஆக்டின் இழைகள் உடையும். பிறகு அளவுப்படி பிரிக்கும் செஃபரோஸ் சிஎல்-4பி நிரலில் ஓட்டினால் ஸ்பெக்ட்ரினின் பெரிய டெட்ராமர் (நான்கு துணையலகுத் தொகுப்பு) முன்னதாக இறங்கும், ஆக்டின் பின்தங்கும்.

கேள்வி: முயலில் டைட்டர் (சீரத்தில் ஆன்டிபாடி அளவு) ஏறவே இல்லை, மேடம்.

பதில்: ஆல்ஃபா பாலூட்டிகளுக்குள் கிட்டத்தட்ட மாறாதது. முயலுக்கு அது சொந்தப் புரதம் போலத்தான். இன்னொரு துணையலகான பீட்டாவை ஜெல்லிலிருந்து வெட்டிச் செலுத்திப் பாருங்கள். முதல் ஊசி 100 மைக்ரோகிராம், முழு ஃப்ராய்ண்ட் துணையூக்கியுடன் (நோயெதிர்ப்பைத் தூண்டும் கலவை). அடுத்தவை அதில் பாதி, முழுமையற்றதுடன், 3-4 வாரத்துக்கு ஒருமுறை. முழு ஃப்ராய்ண்டையே மறுபடி போட்டால் புண்தான் மிஞ்சும். பூஸ்டர் போட்டுப் பத்து நாள் கழித்து ரத்தம் எடுங்கள். முதல் ஊசிக்கு முந்தைய சீரம் கட்டாயம் கையிருப்பில் இருக்கட்டும்.

கேள்வி: சீரம் சிவப்பணுவையும் பிடிக்கிறது.

பதில்: பிடிக்கத்தான் செய்யும், ஒரே குடும்பம். முதலில் சிவப்பணு ஸ்பெக்ட்ரின் நிரலில் ஓட்டி வேண்டாததை உறிஞ்சுங்கள். வழிந்து வந்ததை மூளை ஸ்பெக்ட்ரின் நிரலில் பிடித்து, 0.1 மோலார் கிளைசினால் (பிஎச் 2.5) இறக்குங்கள். சொட்டுகள், அமிலத்தை நடுநிலையாக்கும் டிரிஸ் வைத்த குழாயிலேயே விழ வேண்டும், இல்லாவிட்டால் ஆன்டிபாடி கெடும். ஒன்று கவனியுங்கள்: சிவப்பணு வகை பீட்டாவின் நெருங்கிய வடிவம் நரம்பணுக்களிலும் உண்டு. மூளைச் சீவலில் தெரியும் சமிக்ஞை எல்லாமே ரத்தக் கலப்படம் என்று தள்ளிவிடாதீர்கள்.

கேள்வி: பிளாட்டில் (ஜெல்லின் புரதத்தைத் தாளுக்கு மாற்றி ஆன்டிபாடியால் பார்ப்பது) எதுவுமே தெரியவில்லை.

பதில்: புரதம் ஜெல்லைவிட்டு ஏறியிருக்காது. 6 சதவீத ஜெல், குளிரறையில் இரவு முழுக்க ஈர மாற்றம், கரைசலில் 0.05 சதவீத எஸ்டிஎஸ், மெத்தனால் குறைவாக. பிறகு ஜெல்லுக்கே கூமாசி (புரதச் சாயம்) போட்டு மிச்சம் இருக்கிறதா பாருங்கள்.