இருபடிக் கோவையில் இடறும் மகளும் இணைந்த கணிதமும்: மூதூர்த் தாயொருவருக்குப் பதில்

மதிப்பிற்குரிய அம்மா,

தரம் 10இல் பயிலும் உங்கள் மகள் எண்கள் பற்றிய வினாக்களை விருப்பத்தோடு செய்கிறாள் என்றும், இருபடிக் கோவை வந்துவிட்டால் தவணைப் பரீட்சையில் புள்ளிகளை இழந்துவிடுகிறாள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பொறியியல் படிக்க வேண்டும் என்பது அவளுடைய எண்ணம். எனவே இப்போது செல்லும் தனியார் வகுப்பு போதாதென்று திருகோணமலை நகரில் இன்னொரு வகுப்பிலும் சேர்ப்பதா, அல்லது உயர்தரத்தில் கணிதப் பிரிவு வேண்டாமென்று இப்போதே சொல்லிவைப்பதா என்பது உங்கள் கேள்வி. இந்த இரண்டையும் இப்போதைக்குச் செய்ய வேண்டாம் என்பதே என் பதில். அதற்கான காரணம் நீங்கள் அனுப்பிய விடைத்தாள்களிலேயே இருக்கிறது.

அடைப்புக்குறிகளைப் பெருக்கி விரிக்கும் இடங்களில் அவள் எங்கும் பிழைவிடவில்லை. காரணிப்படுத்தும் முறையும், அதாவது கோவையை இரு அடைப்புக்குறிகளின் பெருக்கமாகப் பிரித்தெழுதும் முறையும், அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரியாக்கணியத்தை ய என வைத்துக்கொண்டால், 6ய² + ய − 12 என்ற கோவையில் முதலாவதையும் கடைசியையும் பெருக்கினால் −72 வரும் என்றும், பெருக்கம் −72 ஆகவும் கூட்டுத்தொகை 1 ஆகவும் உள்ள இரு எண்கள் தேவை என்றும் சரியாகவே எழுதியிருக்கிறாள். அதன் பின்னர் 6, 12 என்று எழுதி வெட்டி, 4, 18 என்று எழுதி வெட்டி, அடுத்த வினாவுக்குப் போய்விட்டாள். ஆகவே இருபடிக் கோவை அவளுக்கு விளங்கவில்லை என்ற முடிவு தவறானது. 72 என்ற எண்ணின் உள்ளமைப்பு அவள் கைக்கு வரவில்லை என்பதே உண்மை. எண்கள் என்ற அலகில் பொது மடங்குகளுட் சிறியதைக் காணச் சொன்னால் காண்கிறாள். ஆனால் அந்த அறிவை அட்சரகணிதத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று அவளுக்கு எவரும் காட்டிக்கொடுத்ததாகத் தெரியவில்லை.

அதே கோவையை எண்ணின் பக்கமிருந்து பார்க்கட்டும். 72 என்பது 2 × 2 × 2 × 3 × 3. பெருக்கம் −72 என்பதால் நமக்கு வேண்டிய இரு எண்களில் ஒன்று நேர், மற்றையது மறை; ஆகவே குறியை விட்டுப் பார்த்தால் அவற்றின் வித்தியாசம் 1, அதாவது ஒற்றை எண். எனவே அவற்றில் ஒன்று ஒற்றையாகவும் மற்றையது இரட்டையாகவும் இருக்க வேண்டும். அப்படியானால் மூன்று 2களும் ஒரே எண்ணுக்குள் சேர்ந்திருந்தே ஆக வேண்டும். ஒற்றைக் காரணிகள் 1, 3, 9 மட்டுமே என்பதால் பரிசோதிக்க வேண்டிய சோடிகள் (1, 72), (3, 24), (9, 8) என்ற மூன்றுதான். அவள் எழுதி வெட்டிய 6, 12 என்ற சோடியில் இரண்டும் இரட்டை எண்கள். 4, 18 என்பதும் அவ்வாறே. அவற்றை எழுதத் தொடங்க முன்னரே நிராகரித்திருக்கலாம். 9, −8 என்று எடுத்தால் (2ய + 3)(3ய − 4) என்ற விடை இரண்டு வரிகளில் வந்துவிடும்.

இதற்கு இன்னொரு வகுப்புத் தேவையில்லை. ஒரு தனிக் கொப்பியும் நாளொன்றுக்குச் சுமார் 20 நிமிடமும் போதும். ஒவ்வொரு நாளும் ஓர் எண்ணை எடுத்து, அதை முதன்மைக் காரணிகளாகப் பிரித்து, எல்லாக் காரணிச் சோடிகளையும் எழுதி, ஒவ்வொரு சோடியின் எதிரேயும் கூட்டுத்தொகையையும் வித்தியாசத்தையும் குறிக்கச் சொல்லுங்கள். பிறகு அந்தச் சோடிகளிலிருந்து அவளே இருபடிக் கோவைகளை அமைக்கட்டும். 24, 30, 36, 48, 60, 72, 84, 96, 120 போன்ற காரணிகள் மிகுந்த எண்களில் தொடங்குவது நல்லது. வினாவை அமைக்கத் தெரிந்த பிள்ளைக்கு அதை அவிழ்ப்பது கடினமாக இராது. அமைத்த கோவைகளைத் தோழி ஒருத்தியோடு மாற்றிக்கொண்டு செய்தால் இன்னும் நல்லது.

இந்தப் பயிற்சியில் ஒளிந்திருக்கும் ஒரு விடயத்தை முன்கூட்டியே அவளிடம் சொல்லிவிட வேண்டாம். 60இன் சோடிகளை எழுதும்போது 5, 12 என்ற சோடியின் கூட்டுத்தொகை 17 என்றும், 3, 20 என்ற சோடியின் வித்தியாசமும் 17 என்றும் அவள் காண்பாள். ஆகவே ய² + 17ய + 60, ய² + 17ய − 60 என்ற இரண்டுமே காரணிப்படும். முதலாவது (ய + 5)(ய + 12), இரண்டாவது (ய + 20)(ய − 3). 24இல் 10 என்ற எண்ணும் 30இல் 13 என்ற எண்ணும் இதே வேலையைச் செய்கின்றன. இவை எங்கிருந்து வருகின்றன என்று அவள் கேட்டால், பைதகரசின் தேற்றத்தில் படித்த செங்கோண முக்கோணிகளை வரையச் சொல்லுங்கள். பக்கங்கள் 8, 15, 17 ஆகவுள்ள முக்கோணியின் செம்பக்கம் 17, பரப்பளவு 60. பக்கங்கள் 5, 12, 13 ஆனால் செம்பக்கம் 13, பரப்பளவு 30. பக்கங்கள் 6, 8, 10 ஆனால் பரப்பளவு 24. முழு எண்களைப் பக்கங்களாகக் கொண்ட எந்தச் செங்கோண முக்கோணியை எடுத்தாலும் செம்பக்கத்தை நடுவிலும் பரப்பளவைக் கடைசியிலும் வைத்து எழுதும் இரு கோவைகளும் காரணிப்படும். ஏன் என்பதை நிறுவவும் தரம் 10இன் அட்சரகணிதம் போதும். எண், அட்சரகணிதம், கேத்திரகணிதம் என்று பாடநூலில் தனித்தனி அலகுகளாகக் கிடப்பவை ஒரே பக்கத்தில் சந்திப்பதை ஒருமுறை கண்ட பிள்ளையிடம், பயிற்சி செய் என்று அடிக்கடி சொல்ல வேண்டியிருக்காது.

சில கோவைகள் நிறைவெண்களால் காரணிப்படவே மாட்டா. அவற்றோடு மல்லுக்கட்டி நேரத்தை இழப்பதுதான் பரீட்சை மண்டபத்தில் அதிகம் நடப்பது. நடுக் குணகத்தின் வர்க்கத்திலிருந்து மற்றை இரண்டின் பெருக்கத்தின் நான்கு மடங்கைக் கழித்து வருவது நிறைவர்க்கமானால், அதாவது ஒரு முழு எண்ணின் வர்க்கமானால், மட்டுமே காரணிப்படும். ய² + 7ய + 4 என்பதில் 49 − 16 = 33. எந்த நிறைவர்க்கமும் 2, 3, 7, 8 என்ற இலக்கங்களில் முடிவதில்லை என்பதால், 33ஐப் பார்த்த உடனேயே காரணி தேடுவதை விட்டு வர்க்கப்பூர்த்திக்கோ சூத்திரத்துக்கோ போய்விடலாம். இதையும் எண் பயிற்சியே தருகிறது. எதிர்த்திசையிலும் இந்த உதவி கிடைக்கும். 391 முதன்மை எண்ணா என்று கேட்டால் பலர் 3, 7, 11 என்று வகுத்துக்கொண்டே போவார்கள். அது 400 − 9 என்று கண்ட பிள்ளை, இரு வர்க்கங்களின் வித்தியாசமாகக் கொண்டு 17 × 23 என்று சொல்லிவிடுவாள்.

சாதாரண தரப் பரீட்சையில் கணிப்பான் அனுமதிக்கப்படுவதில்லை என்பதால் இந்தக் கைப்பழக்கத்தின் பெறுமதி கூடுகிறது. பத்திரம் 1இல் இரண்டு மணித்தியாலங்களில் 25 குறுவினாக்களுக்கும் 5 அமைப்பு வினாக்களுக்கும் விடை எழுத வேண்டும். பத்திரம் 2இல் மூன்று மணித்தியாலங்களில் 12 வினாக்களிலிருந்து 10ஐத் தெரிவுசெய்ய வேண்டும். காரணிப்படுத்தல் இவற்றில் ஒரே ஒரு வினாவாக நின்றுவிடுவதில்லை. அட்சரகணிதப் பின்னங்களிலும், கோவைகளின் பொது மடங்குகளுட் சிறியதிலும், சமன்பாட்டிலும், நீள அகலம் தந்து பரப்பளவு கேட்கும் வசனக் கணக்கிலும் அது மீண்டும் மீண்டும் தலைகாட்டும். இருபடிச் சமன்பாட்டை விட்டுவிட்டு வேறு வினாவைத் தெரிவுசெய் என்று சில வகுப்புகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். சாதாரண தரத்தில் 75 புள்ளிகளைத் தாண்டி ஏ சித்தி பெறுவதற்கு அந்த உபாயம் உதவவும் கூடும். ஆனால் உயர்தரத்தில் கணிதப் பிரிவை எண்ணியிருக்கும் பிள்ளைக்கு இதைவிடத் தீங்கான அறிவுரை இல்லை. அப்பிரிவின் கணிதப் பாடமான இணைந்த கணிதத்தின் முதற் பத்திரத்தில் பகுதி ஆ பெரும்பாலும் இருபடிச் சமன்பாட்டின் மூலங்களோடும் பல்லுறுப்பிகளோடும்தான் தொடங்குகிறது. சாதாரண தரத்தில் ஏ சித்தி பெற்ற பிள்ளைகள் உயர்தர முதலாந் தவணையிலேயே திகைத்து நிற்பதற்கு, தவிர்த்துப் பழகிய இந்த இடைவெளியும் ஒரு காரணம் என்பது என் அனுபவம்.

நகர வகுப்பைப் பொறுத்தவரை, மூதூரிலிருந்து கிண்ணியா வழியாகப் பஸ்ஸில் வந்து திரும்பும் நேரம் முழுவதும் அவள் தானாகப் பயிலக்கூடிய நேரம் என்பதைக் கணக்கில் எடுங்கள். பாடசாலைக் கணித ஆசிரியரிடம் இந்த விடைத்தாள்களைக் காட்டி, காரணிப்படுத்தலை மட்டும் கவனித்துத் தருமாறு கேட்பதே முதலில் செய்ய வேண்டியது. ஒரு தவணை கடந்தும் மாற்றம் தெரியாவிட்டால் வகுப்பைப் பற்றிப் பேசலாம்.

பிரிவுத் தெரிவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் அது சாதாரண தரப் பெறுபேறு வந்த பின்னரே முடிவாக வேண்டியது. பொறியியலுக்கு இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் என்ற மூன்றும் வேண்டும். மொறட்டுவை, பேராதனை, யாழ்ப்பாணம், தென்கிழக்கு ஆகிய பல்கலைக்கழகங்களில் பொறியியற் பீடங்கள் உள்ளன. கணினி விஞ்ஞானம் என்றால் கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலும் படிக்கலாம். 2013இல் தொடங்கப்பட்ட தொழினுட்பப் பிரிவு, செய்முறையில் நாட்டமுள்ள பிள்ளைகளுக்கு நல்ல வழி. அதைக் கணிதப் பிரிவு கிடைக்காதவர்களின் ஒதுங்கிடமாகப் பார்ப்பதை நாம் விட வேண்டும். பல்கலைக்கழக அனுமதியில், உயர்தரப் புள்ளிகளைத் தரப்படுத்திக் கணிக்கும் இசட் புள்ளியோடு மாவட்ட ஒதுக்கீடும் சேர்வதால் திருகோணமலைப் பிள்ளைக்கு வாய்ப்புச் சற்று விரியும் என்பது உண்மைதான். ஆனால் பொறியியற் பீடத்தின் முதலாம் ஆண்டுக் கணிதம் மாவட்டம் பார்த்து இலகுவாவதில்லை.

எண்களில் விருப்பமுள்ள பிள்ளைக்குப் பொறியியல் ஒன்றே வழி என்றும் நினைத்துவிட வேண்டாம். ரிவெஸ்ட், ஷமிர், அடில்மன் என்ற மூவர் 1977இல் அமைத்த மறைகுறியாக்க முறை, இரு பெரிய முதன்மை எண்களைப் பெருக்குவது இலகு, பெருக்கத்திலிருந்து அவற்றைப் பிரித்தெடுப்பது மிகக் கடினம் என்ற ஒரே உண்மையின் மீது நிற்கிறது. இணையத்தில் தகவல்களைப் பாதுகாக்கும் பல ஏற்பாடுகளுக்கு அது அடிப்படையாக இருந்துவருகிறது. கணினிப் பாதுகாப்பு, புள்ளிவிபரவியல், காப்புறுதிக் கணிப்பு, கணித ஆசிரியம் என்று எண்ணறிவு கேட்கும் தொழில்கள் பல உண்டு.

அவளுடைய ஆர்வத்தைச் சோதிக்க விடுமுறையில் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். 1988இல் அவுஸ்திரேலியாவில் நடந்த சர்வதேசக் கணித ஒலிம்பியாட்டின் ஆறாம் வினா, இரு நேர் நிறைவெண்களின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையை, அவற்றின் பெருக்கத்தோடு 1ஐக் கூட்டி வருவதால் மீதியின்றி வகுக்க முடியுமானால், ஈவு நிறைவர்க்கமாகவே இருக்கும் என்று நிறுவச் சொன்னது. நிறுவல் அவளுக்கு இப்போது எட்டாது. ஆனால் 2, 8 என்ற சோடியில் 68ஐ 17ஆல் வகுத்தால் ஈவு 4 என்று அவளால் காண முடியும். ஈவு 4 ஆகவும் ஓர் எண் 8 ஆகவும் இருக்க, மற்றை எண்ணை ய என வைத்தால் ய² − 32ய + 60 = 0 என்ற சமன்பாடு கிடைக்கும். 60இன் சோடிகளைக் கொப்பியில் எழுதிவைத்திருப்பவள் 2, 30 என்று உடனே சொல்வாள். ஆகவே 8, 30 என்ற சோடிக்கும் ஈவு 4தான். இனி 30ஐ வைத்துக்கொண்டு அடுத்த எண்ணை அவளே தேடட்டும். நீங்கள் சரிபார்ப்பதற்காக மட்டும் சொல்கிறேன், விடை 112.