குரல் பிந்துவது உங்கள் தாளக் குறை அல்ல

வணக்கம். பின்னணி இசையைக் கேட்டபடி பாடிப் பதிவு செய்தால் குரல் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு பிந்துகிறது, தாளஞானம் இல்லையோ என்று வருந்தி எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து பாடுவதை விட்டுவிடாதீர்கள். தாளம் தடுமாறுபவரின் குரல் சில இடங்களில் முந்தும், சில இடங்களில் பிந்தும். சீராகப் பிந்தினால் கோளாறு பெரும்பாலும் கருவியில்தான்.

நீங்கள் பயன்படுத்துவது புளூடூத் ஹெட்போன். அதில் ஒலி காதுக்கு வந்து சேர்வதற்குள் 150 மில்லி விநாடிக்கு மேல்கூட ஆகிவிடும். நிமிடத்துக்கு 120 தாள அடி வேகத்தில் ஓர் அடிக்கே 500 மில்லி விநாடிதான்! காதில் விழுந்ததற்குச் சரியாகத்தான் பாடுகிறீர்கள், விழுந்ததே தாமதம்.

கம்பியுள்ள சாதாரண ஹெட்போனுக்கு மாறுங்கள். உங்கள் குரலையும் அதில் கேட்பதானால் பதிவு மென்பொருளில் பஃபர் அளவை, அதாவது கணினி ஒரு தடவையில் சேர்த்துக் கையாளும் ஒலித் துணுக்கின் அளவை, 128 சாம்பிளுக்கு (ஒலியின் நுண்ணிய அளவீடுகள்) குறையுங்கள்; துணுக்கு சிறிதானால் தாமதமும் குறையும். படபடவென்று சத்தம் வந்தால் 256 போதும்.

ஏற்கெனவே பாடியவற்றை அழிக்க வேண்டாம். அடியில் விழ வேண்டிய ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்து, அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, குரல் தடத்தை மட்டும் அந்த அடிக்கு நேராக இடப்பக்கம் நகர்த்துங்கள். மொத்தப் பாட்டும் தாளத்தோடு சேர்ந்துகொள்ளும்.