விலை எகிறிக் கிடக்கும் பெருநகரத்தில், வாடகைக்கு விட எந்தப் பகுதியில் வீடு வாங்கலாம்?

முதலில் வாடகை ஈட்டு விகிதத்தைப் பாருங்கள். ஒரு வருட வாடகை, வீட்டு விலையில் நூற்றுக்கு எவ்வளவு என்பதுதான் அது. பராமரிப்பு, வரி, காப்பீடு, ஆள் இல்லாத மாதங்கள் எல்லாம் கழித்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். ஒரு மாதம் காலியாகக் கிடந்தாலே வருட வாடகையில் 8 சதவீதத்துக்கு மேல் போச்சு.

பெயர்போன பகுதிகளில் இந்த விகிதம் பெரும்பாலும் குறைவு. ஏனென்றால் வாடகை, குடியிருப்பவர் சம்பளத்தைத் தாண்டி ரொம்பப் போக முடியாது, ஆனால் விலையில் அந்தஸ்தும் நாளைக்கு இன்னும் ஏறும் என்ற எதிர்பார்ப்பும் சேர்ந்துகொள்கிறது. சொகுசு காரை வாங்கி வாடகைக்கு ஓட்டுவது மாதிரி: விலை மூன்று மடங்கு, சவாரிக் கூலி மூன்று மடங்கு கிடைக்காது.

அதனால் நான் பார்ப்பது நகர மையத்துக்குக் கொஞ்சம் வெளியே, ரயிலோ பேருந்தோ நடக்கும் தூரத்தில், மருத்துவமனை, கல்லூரி, அலுவலகங்கள் என்று ஒன்றுக்கு மேல் இருக்கும் பகுதி. ஒரே நிறுவனத்தை நம்பிய இடம் என்றால், அது கிளம்பினால் குடித்தனக்காரர்களும் கிளம்புவார்கள்.

அப்புறம், விலை மலிவான இடத்தில் விகிதம் தானாகவே நன்றாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். கேட்டு வர ஆளே இல்லாவிட்டால் அது காகிதத்தில் மட்டும்தான்.