பயணப் பையில் ஒரு ஃப்ளை ராட்: எத்தனை துண்டு, என்னென்ன துணைப்பொருள்?

கேள்வி: வேலை காரணமாக மாதத்தில் பாதி நாள் வெளியூரில் கழிகிறது. போகும் வழியில் ஓடையோ ஏரியோ கண்ணில் படும்போதெல்லாம், வீட்டில் கிடக்கும் 9 அடி நீள, நான்கு துண்டு ஃப்ளை ராட் (ஃப்ளை எனும் செயற்கைப் பூச்சியை வீசி மீன் பிடிக்கும் தூண்டில் கோல்) நினைவுக்கு வருகிறது. ஆறு அல்லது ஏழு துண்டாகப் பிரியும் ராட் ஒன்றை வாங்கலாமா என்று யோசிக்கிறேன். துண்டுகள் கூடினால் வீச்சு கெடும், சீக்கிரம் உடையும் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். ரீல் இல்லாத ஜப்பானிய டென்காரா ராட் போதும் என்கிறார் ஒருவர். எதை வாங்குவது? அதோடு வேறு எதையெல்லாம் பையில் வைத்துக்கொள்வது?

பதில்: வாங்குங்கள். ஆனால் துண்டுகளின் எண்ணிக்கையைப் பார்த்து வாங்க வேண்டாம். நீங்கள் வழக்கமாகத் தூக்கிச் செல்லும் பையின் உட்புறத்தை அளந்த பிறகு வாங்குங்கள். எதிர்பாராமல் கிடைக்கும் ஒரு மணி நேரத்துக்கான ராட், எப்போதும் அந்தப் பைக்குள்ளேயே இருந்தால்தான் பயன்படும். தனியாகக் கையில் பிடித்துக்கொண்டு போக வேண்டிய குழாய், அதற்குள் எவ்வளவு அருமையான ராட் இருந்தாலும், மூன்றாவது பயணத்தில் வீட்டிலேயே தங்கிவிடும். உங்கள் நான்கு துண்டு ராட்டுக்கு நேர்ந்ததும் இதுவாகத்தான் இருக்கும்.

9 அடி என்பது ஏறக்குறைய 274 செ.மீ. அதை நான்காகப் பிரித்தால், மூட்டில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் நீளத்தையும் சேர்த்து, ஒவ்வொரு துண்டும் 70 செ.மீ.க்குச் சற்று மேலே வரும். ஆறாகப் பிரித்தால் 50 செ.மீ.யை ஒட்டியும், ஏழாகப் பிரித்தால் 43 செ.மீ.யை ஒட்டியும் அமையும். குழாயின் நீளம் அதைவிடச் சில சென்டிமீட்டர் கூடுதல். விமானத்தில் கையோடு கொண்டுபோகும் பெட்டிக்குப் பல நிறுவனங்கள் அனுமதிக்கும் உயரம் 55 அல்லது 56 செ.மீ. என்றாலும், சக்கரத்துக்கும் கைப்பிடிக்கும் போனது போக உள்ளே மிஞ்சும் இடம் அதைவிடக் குறைவு. ஆகவே பெட்டியிலேயே எப்போதும் கிடக்க வேண்டுமென்றால் ஏழு துண்டு. முதுகுப்பையில் நிறுத்தி வைப்பவருக்கும், பெரும்பாலும் காரில் போகிறவருக்கும் ஆறு துண்டு. கோணலாகச் சாய்த்து எப்படியாவது திணித்துவிடலாம் என்ற கணக்கு மட்டும் வேண்டாம். ஒவ்வொரு முறையும் துணிகளை வெளியே எடுத்து அடுக்கினால்தான் ராட் உள்ளே போகும் என்றால், ஒரு நாள் துணி ஜெயித்துவிடும்.

வீச்சு கெடும் என்ற அச்சத்துக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. மூங்கில் ராட்டின் துண்டுகளை உலோக மூட்டுகள் இணைத்தன. ஒவ்வொரு மூட்டும் எடையைக் கூட்டியது, அந்த இடத்தில் ராட் வளையவும் மறுத்தது. 1973-இல் ஃபென்விக் நிறுவனம் கிராஃபைட் ஃப்ளை ராட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்றைய கிராஃபைட் ராட்களில் பெரும்பாலானவற்றில் மேல்துண்டின் அடிப்பகுதியே கீழ்த்துண்டின் தலைமீது உறைபோல ஏறிக்கொள்கிறது; அதனால் மூட்டும் ராட்டோடு சேர்ந்தே வளைகிறது. அங்கே சுவர் இரட்டிப்பதால் எடையும் விறைப்பும் சிறிது கூடுவது உண்மைதான். ஏழு துண்டு ராட்டில் அப்படி ஆறு மூட்டுகள் இருக்கின்றன. 25 மீட்டர் தூரத்துக்கு வீச முயல்பவர் அந்த வித்தியாசத்தை உணரக்கூடும். வழியில் கண்ட ஓடையில் நீங்கள் வீசப்போவது எட்டு முதல் பன்னிரண்டு மீட்டர். அந்தத் தூரத்தில் வித்தியாசம் என் கைக்குப் புலப்பட்டதில்லை.

உடையும் என்ற அச்சத்தைத்தான் சற்று விரிவாகப் பேச வேண்டும். துண்டுகள் கூடியதால் ராட் உடைவதில்லை. மூட்டு தளர்ந்திருப்பதைக் கவனிக்காமல் வீசுவதால் உடைகிறது. இறுகப் பொருந்திய மூட்டில் வளைவின் விசை முழு நீளத்திலும் பரவும். சில மில்லிமீட்டர் கழன்ற மூட்டிலோ, அந்த விசை உறையின் விளிம்பில் ஒரே புள்ளியில் குவிந்து, சுவரை நெடுக்காகப் பிளந்துவிடும். ஒரு மாலை நேரத்தில், வெளிச்சம் போவதற்குள் இன்னும் நாலு வீச்சு என்ற அவசரத்தில் நின்றிருந்தபோது, முன்வீச்சில் மெல்லிய 'டிக்' ஓசை ஒன்று கேட்டது. நுனித்துண்டு கழன்று லைன் வழியாகவே வழுக்கிக்கொண்டு போய், ஃப்ளை கிடந்த இடத்தில் தண்ணீரில் விழுந்தது. ஃப்ளையில் முட்டி நின்றதால் துண்டு கைக்குத் திரும்பியது. ஆனால் உறையின் வாயில் மயிரிழை போல ஒரு கீறல். அடுத்த மீனில் அந்த இடத்திலேயே பிளந்தது. அதற்கு முந்தைய அரை மணி நேரமாக மூட்டுகளை நான் தொட்டுப் பார்க்கவே இல்லை.

பூட்டும்போது நுனியிலிருந்து தொடங்கி அடியை நோக்கி வாருங்கள். இரு துண்டுகளின் லைன் வளையங்களும் கால் வட்டம் விலகியிருக்குமாறு பிடித்துச் செருகி, மெல்ல அழுத்திக்கொண்டே முறுக்கி, வளையங்களை ஒரே நேர்க்கோட்டுக்குக் கொண்டுவந்தால் மூட்டு நன்றாகக் கவ்விக்கொள்ளும். பிறகு அடியிலிருந்து ஒற்றைக் கண்ணால் நோக்கி வளையங்கள் நேராக நிற்கின்றனவா என்று பாருங்கள். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை ஆறு மூட்டுகளையும் விரலால் தடவிச் சரிபார்க்கும் பழக்கத்தை முதல் நாளிலேயே ஏற்படுத்திக்கொள்ளுங்கள். எந்த மூட்டாவது அடிக்கடி தளர்ந்தால், உட்செருகும் பகுதியில் சாதாரண மெழுகுவத்தியை லேசாகத் தேய்த்துத் துணியால் துடைத்துவிட்டால் போதும். மணலோ மண்ணோ ஒட்டியிருக்கும் துண்டை மட்டும் துடைக்காமல் செருகாதீர்கள்.

கழற்றும்போது முறுக்காமல் நேராக இழுங்கள். சிக்கிக்கொண்டால், சற்றுக் குந்தி, ராட்டை முழங்கால்களுக்குப் பின்னால் கிடத்தி, கால்களுக்கு வெளியே கைகளால் இறுகப் பிடித்துக்கொண்டு, முழங்கால்களை மெதுவாக விரித்தால் கைகள் தாமாக விலகி மூட்டு விடும். வளையங்களைப் பிடித்து இழுப்பதும் குறடு போடுவதும் ராட்டைக் கெடுக்கும் வேலை.

டென்காரா ராட்டைப் பற்றி உங்கள் நண்பர் சொல்வதில் பாதி சரி. ஜப்பானின் மலையோடைகளில் பிறந்த அந்த முறையில் ரீலே கிடையாது. ஏறக்குறைய ராட்டின் நீளத்துக்கே ஒரு லைனை நுனியில் கட்டி வீசுகிறார்கள். 360 செ.மீ. நீள ராட், ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருங்கி 50 செ.மீ. அளவுக்கு வந்துவிடும், பல ராட்களின் எடை நூறு கிராமைத் தொடுவதில்லை. பையிலிருந்து எடுத்து இரண்டு நிமிடத்தில் மீன் பிடிக்கத் தொடங்கலாம் என்பதால், சிறு ஓடை மட்டுமே உங்கள் வழியில் வரும் என்றால் நானும் அதையே சொல்வேன். ஏரியும் அகன்ற ஆறும் காற்றும் வரும் என்றால் அது போதாது: எட்டாத மீன் எட்டாததுதான், பெரிய மீன் ஓடினால் விட்டுக்கொடுக்க லைனும் இல்லை. வாங்கினால் 5எக்ஸை விடத் தடித்த டிப்பெட்டை (ஃப்ளையைக் கட்டும் மெல்லிய கடைசி நூல்; எக்ஸ் எண் கூடக் கூட மெலியும்) கட்டாதீர்கள். சிக்கல் வந்தால் ராட்டுக்கு முன் டிப்பெட் அறுந்தாக வேண்டும். நீட்டும்போது நுனியிலிருந்தும், சுருக்கும்போது கைப்பிடிக்கு மேலுள்ள தடித்த கணுவிலிருந்தும் தொடங்க வேண்டும்.

எந்தத் தண்ணீர் எதிர்ப்படும் என்று தெரியாத பயணத்துக்கு 5 எண் ராட் பொதுவாகப் பொருந்தும். ஃப்ளை மீன்பிடிப்பில் தூண்டில் முள்ளின் எடை வீசுவதில்லை. லைனின் எடையே ராட்டை வளைத்து வீசுகிறது. 5 எண் லைனின் முதல் 30 அடி, 140 கிரெயின், அதாவது சுமார் 9 கிராம் எடையுள்ளது. சிறிய, நடுத்தர மீன்களுக்கு அது போதுமானது. ஏரிக்கரைக் காற்றிலேயே அதிகம் நிற்பவர் என்றால் 6 எண்ணுக்குப் போகலாம்.

ராட்டைவிட எளிதில் மறந்துபோவது மற்றவைதான். இறங்கும் ஓடையில் ரீல் இல்லை என்று தெரிந்துகொள்வதைவிட ஏமாற்றமான விஷயம் குறைவு. ஆகவே மற்ற ராட்டின் ரீலைக் கடன் வாங்காமல், இதற்கென்றே ஒரு ரீலும், மிதக்கும் லைனும், அதன் முனையில் சேரும் மெல்லிய 9 அடி நூலான லீடரும் முன்கூட்டியே கட்டி வைத்திருங்கள். 4எக்ஸ், 5எக்ஸ் டிப்பெட் சுருள் ஒவ்வொன்று, நூல் வெட்டி, முள் கழற்றும் சிறு இடுக்கி, மிதப்பு மருந்து ஆகியவை ஒரு உள்ளங்கைப் பைக்குள் அடங்கும். ஃப்ளை ஒரு டஜன் போதும்: தண்ணீர்ப் பரப்புக்கு 14, 16 எண் முள்ளில் ஆடம்ஸும் எல்க் ஹேர் கேடிஸும், ஆழத்துக்கு மணி வைத்த ஃபெசன்ட் டெயிலும் ஹேர்ஸ் இயரும், எந்த மீனானாலும் ஒரு முறை காட்டிப் பார்க்க 8 அல்லது 10 எண்ணில் உல்லி பக்கர். முள்ளின் நுனிக்குப் பின்னால் எதிர்ப்பக்கமாக நீட்டி நிற்கும் சிறு செதிலை இடுக்கியால் முன்பே நசுக்கி வைத்துவிட்டால், மீனை விடுவது சுலபம். அவசரத்தில் விரலில் ஏறினாலும் எளிதாக வந்துவிடும். லைனை வளையங்களில் கோக்கும்போது லீடரின் முனையைப் பிடிக்காமல், லைனையே இரண்டாக மடித்து அந்த மடிப்பை ஒவ்வொரு வளையமாகத் தள்ளிக்கொண்டு போனால், கை நழுவினாலும் எல்லாம் சரிந்து கீழே வராது. மடிப்பு அடுத்த வளையத்தில் விரிந்து நின்றுவிடும்.

திடீர்ப் பயணத்தில் ஒரு பொறுப்பும் உண்டு. காலையில் ஓர் ஓடை, மாலையில் வேறோர் ஏரி என்று போகிறவர், ஈரக் காலணியிலும் லைனிலும் ஓரிடத்துப் பாசியையும் நத்தையையும் நோய்க்கிருமியையும் இன்னோரிடத்துக்குச் சுமந்துவிடக்கூடும். நியூசிலாந்து 2008-இல் ஃபெல்ட் (அமுக்கிய கம்பளி போன்ற துணி) அடிப்பாகம் கொண்ட காலணிகளை நன்னீர் மீன்பிடிப்பில் தடைசெய்ததன் காரணம், டிடிமோ என்ற பாசி அந்த ஈர ஃபெல்ட்டில் உயிரோடு பயணம் செய்ததுதான். எனவே ரப்பர் அடிப்பாகக் காலணியே எடுத்துச் செல்லுங்கள். கரையிலேயே சேற்றைக் கழுவி, முழுக்க உலர்த்துங்கள். உலர நேரமில்லை என்றால் அடுத்த தண்ணீரில் அதே காலணியோடு இறங்க வேண்டாம். அந்தந்த இடத்து மீன்பிடி உரிமமும் பருவ விதிகளும் கைப்பேசியில் இருக்கட்டும்.

ஈரமான ராட்டைக் குழாயில் மூடி வைத்தால் தக்கைப் பிடியில் பூஞ்சை பிடிக்கும். வெயிலில் நிற்கும் காரின் சூட்டில் மெருகுப் பூச்சில் கொப்புளமும் எழும்பும். அன்றிரவு தங்கும் அறையில் துண்டுகளைத் துடைத்துப் பரப்பி, துணி உறையைத் தனியாகத் தொங்கவிட்டு, குழாயின் மூடியைத் திறந்தே வையுங்கள். அவை காய்வதற்குள், அறுந்துபோன லீடருக்குப் பதில் புதிது கட்டி, தொலைந்த ஃப்ளைகளின் எண்ணைக் குறித்துக்கொள்ளலாம்.